தோள் மாறிய ஆவி

ஊசி மகானைப் பார்க்கத் தெரு முனைவரை வரிசை. ஆளுக்கொரு வலி, எல்லா வலிக்கும் ஒரே காரணம், ஆவி. அதிலும் செயற்கை மூட்டு வைத்தவர்கள் என்றால் மகானுக்குத் தனிப் பிரியம். ஒரு கையால் தோளைத் தடவிக்கொடுத்து, மறு கையால் நூலில் கட்டிய ஊசியை நேரே பிடிப்பார். ஊசி பேயாட்டம் போடும். உள்ளே வைத்த உலோகத்தில் ஆவி ஒட்டியிருக்கிறது என்பார். பிறகென்ன, அவர் விற்கும் செம்பு வளையத்தை மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருக்க வேண்டியதுதான்.

அந்த வரிசையில் நம் பெயிண்டரும் நின்றார். வலது தோள் மூட்டை மாற்றி இரண்டு வருஷம். முதல் வருஷம் ஏணியேறி ஜோராக வேலை செய்தவர், இப்போது தலைவாரக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. காய்ச்சலில்லை, வீக்கமில்லை, ரத்தத்தில் கோளாறில்லை. மூட்டிலிருந்து நீர் எடுத்து லேபில் ஐந்து நாள் வைத்துப் பார்த்தார்கள். ஒரு கிருமியும் வளரவில்லை. கை போனால் பிழைப்பே போச்சு.

"டாக்டருக்கே பிடிபடலைன்னா அது ஆவிதான்" என்று மனைவி தீர்ப்பெழுதிவிட்டாள். அடேயப்பா, என்ன அறிவு!

லேபில் வேலை பார்க்கும் பெயிண்டரின் தங்கச்சி ஒப்பவில்லை. சில கிருமிகள் மகா சோம்பேறிகள், இரண்டு வாரமாவது காத்திருக்கணும் என்று மேலதிகாரியிடம் சண்டைபோட்டு, குப்பைக்குப் போகவிருந்த, அந்த மூட்டு நீர் வைத்த தட்டை மீட்டு வைத்திருந்தாள். அன்று ஒன்பதாம் நாள். மகானிடம் போவதை அவள் தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எந்தத் தோள்னு நாம சொல்ல வேண்டாம், அண்ணி. அவரே கண்டுபிடிக்கட்டும்."

மகானுக்குத் தெரியாததா என்று அண்ணியும் தாராளமாகச் சம்மதித்தாள். தங்கச்சி சட்டைக்கு மேலேயே அண்ணனின் இடது தோளில் பெரிதாக ஒரு கட்டுப் போட்டாள். நோகாத தோளில்!

மகான் கட்டைப் பார்த்தார். ஊசி இடது தோளுக்கு நேரே குதியோ குதியென்று குதித்தது. வலப்பக்கம் அசையவேயில்லை.

"இந்த மூட்டுலதான் இருக்கு. ஆஸ்பத்திரி, மாத்திரை எல்லாத்தையும் இன்னையோட விட்டுடு."

பெயிண்டர் கட்டை அவிழ்த்துச் சட்டையைக் கழற்றினார். வலது தோளில் ஒரு சாண் நீளத் தழும்பு. இடது தோள் மழமழவென்றிருந்தது. மனைவிக்கு முகம் செத்துவிட்டது.

மகான் லேசுப்பட்டவரா? "என்னைக் கண்டு பயந்து ஆவி அந்தத் தோளுக்குத் தாவிடுச்சு" என்றார்.

"உலோகத்துல ஒட்டியிருக்குன்னீங்களே. அதையும் தூக்கிக்கிட்டா தாவுச்சு?" என்று பெயிண்டர் கேட்டார்.

வரிசை குபீரென்று சிரித்தது. மகான் பதறி ஊசியைச் சுருட்ட, அது அவர் தோளைத் தடவும் கையின் மோதிரத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. காந்த மோதிரம்!

பதினோராம் நாள் தட்டில் கிருமி தலைகாட்டியது. எங்கிருந்தோ வந்ததல்ல, பெயிண்டரின் தோலிலேயே குடியிருந்தது, ஆபரேஷனின்போது உள்ளே நுழைந்து சத்தமில்லாமல் குடித்தனம் நடத்தியிருக்கிறது. மறுபடி ஆபரேஷன், மாதக்கணக்கில் மருந்து. இப்போது பெயிண்டர் ஏணியில் நிற்கிறார்.

அடுத்த தெருவில் இன்னொரு மகான் வந்திருக்கிறாராம். ஐந்து நாளில் தெரியாத கிருமியை ஆறாம் நாள் ஆவியாக்கும் அவசரம் நமக்கு இருக்கும்வரை வந்துகொண்டுதான் இருப்பார்கள். காந்தத்துக்கு ஊசி ஆடுகிறது, சரி. உங்கள் தலை எதற்கய்யா ஆடுகிறது?