காற்றைப் பிசைந்த கை

மாடிப்படி முழுக்க ஜனம். டோக்கன் வாங்குவதற்கே ஒரு டோக்கன். மேலே நம் மசாஜ் மகான் இருக்கிறார் அல்லவா!

உடம்பைப் பிடித்துவிட்டால் சதை இளகும், அலுப்பு தீரும், தூக்கம் வரும். யாரும் மறுக்கவில்லை. மகானுக்கு அதெல்லாம் சில்லறை வேலை. அவர் உடம்பைத் தொடவே மாட்டார். ஒரு சாண் உயரத்தில் காற்றைப் பிசைவார். சர்க்கரை இறங்கும், மூட்டுவலி பறக்கும், வழுக்கையில்கூட முளைக்குமாம்!

கூட்டத்தில் ஒரு தையற்காரி. சர்க்கரைக்காரி. கால்விரலில் ஆறாத புண். "மாத்திரை நரம்பை அடைக்கும்மா, நிறுத்திடு" என்றார் மகான். நிறுத்திவிட்டாள். விரல் கறுத்துக்கொண்டே வந்தது.

லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் கெஞ்சினார்.

"காலே போயிடும், ஆஸ்பத்திரிக்கு வாம்மா!"

"நீ ஒரு தடவை படுத்துப் பாருண்ணே. அப்புறம் பேசு."

"சரி. அந்தாளு புளுகுன்னா என்கூட வரணும்."

"வரேன்."

மறுநாள் அண்ணன் பேண்ட்டும் சாக்ஸுமாகக் கட்டிலில் படுத்தார். கழுத்துவரை போர்வை. மகான் திரையை விலக்கி வந்தார், கண்ணை மூடினார். கை அந்தரத்தில் நீந்தியது. வலது முழங்காலுக்குக் கீழே வந்ததும் அவருக்கு உடம்பே உதறியது.

"அப்பப்பா! விஷம் மொத்தமும் இங்கதான்! கெண்டைச்சதை கல்லா இறுகியிருக்கு!"

"விரல் வரைக்குமாங்க?"

"சுண்டுவிரல் வரைக்கும்! இருங்க... இளகுது. ரத்தம் குபுகுபுன்னு ஓடுது. சூடு தெரியுதா?"

"தெரியலீங்களே."

"தெரியும். நம்பணும்."

பக்கத்தில் நின்ற தங்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். பேண்ட்டைச் சுருட்டினார், வாரை அவிழ்த்தார், முழங்காலுக்குக் கீழிருந்த செயற்கைக் காலைக் கழற்றி மகான் கையில் கொடுத்தார்.

"என் கால் பட்டறை விபத்துல போயி பன்னிரண்டு வருஷமாச்சுங்க. இது பிளாஸ்டிக். ரத்தம் எந்தப் பக்கமா ஓடுதுன்னு கொஞ்சம் காட்டுங்க."

மகான் முதன்முறையாக ஒரு காலைத் தொட்டார். "இது... சூட்சுமக் கால்..." என்று முனகினார்.

தங்கை ஓவென்று அழுதாள். "இப்பவே போலாம்ணே."

போனார்கள். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது. நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மகான் அன்றே கம்பி நீட்டிவிட்டார். படியில் நாலு பேர் இன்னும் நிற்கிறார்கள். சூட்சுமக் கால் என்றால் என்ன என்று ஆராய்ச்சியாம்!

மூளையே இல்லாத பிளாஸ்டிக் கால்கூட அந்த ஆளை நம்பவில்லை. மூளையுள்ள நமக்கு என்ன கேடு?