வாழையிலையில் ஒரு பள்ளத்தாக்கு

செமின் கிரனியே,
14 மார்ச் 1961

சம்பந்தியாகப் போகிற மரியாதைக்குரிய திருவேங்கடம் அவர்களுக்கு,

இங்கே நாங்கள் நலம். அங்கே உங்கள் வெள்ளைக் கால்சட்டையும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "வாத்தியாரே, மேல அத்தனை நல்ல மேடு கெடக்குது. எதுக்குப் போயி இந்தக் குழியில குடும்பம் நடத்துறீங்க? எம் பொண்ணு ரோஷ் புவாவுல கடல் காத்து வாங்கி வளந்தவ." முப்பத்திரண்டு வருஷம் பூகோளம் நடத்தியவனிடம் இப்படிக் கேட்கலாமா? கேட்டுவிட்டீர்கள். நானும் தொடங்கிவிட்டேன்.

சாப்பாட்டுப் பந்தியில் கரும்பலகை இல்லாததால் என் இலையே பலகையாயிற்று. சோற்றை இரண்டு மலையாகக் குவித்தேன், நடுவில் பள்ளம் விட்டேன், கீரையைச் சரிவில் கரும்பாக வைத்தேன், அப்பளத்தைக் கோயிலாக நட்டேன். "பாருங்க, இந்தத் தீவுக்குக் கூலியா வந்து, ஒப்பந்தம் முடிஞ்சு கரும்புத் தோட்டத்தை விட்டு வந்த நம்ம பாட்டன்மாருக்கு மொதல்ல என்ன வேணும்? தண்ணி!" என்று ரசத்தை ஊற்றினேன், மலையின் நல்ல மண்ணெல்லாம் இறங்கித் தாழ்வில் சேருவதைக் காட்ட இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன், உங்களுக்குத் தெளிவாகத் தெரியட்டுமே என்று இலையை உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்த்தேன், அவ்வளவுதான், ஆறு கோயிலையும் அடித்துக்கொண்டு உங்கள் மடியில் இறங்கியது, "அயோ போன்ஜே!" என்று கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே எழுந்து மோர்ச்சட்டியை மிதித்தீர்கள், வழுக்கிக்கொண்டே கொல்லைப்பக்கம் ஓடினீர்கள், ஐம்பதே அடியில் ஆறு இருந்தது, அலசினீர்கள். நான் சொல்ல வந்ததும் அதுதானே ஐயா! ரோஷ் புவாவாக இருந்தால் ரசத்தோடு குழாயடி வரிசையில் நின்றிருப்பீர்கள்.

காற்றையும் சொல்கிறேன். போன வருஷப் புயலில் மேட்டு வீடுகளின் தகரக் கூரைகள் பறந்து வந்து எங்கள் வாழைத்தோட்டத்தில் இறங்கின. ஒவ்வொன்றையும் உரியவர் வீட்டுக்குச் சுமந்துபோய்க் கொடுத்தோம். உங்கள் கூரையும் பறந்ததாகக் கேள்வி. திருப்பிக் கொடுக்கக் கீழே கடலைத் தவிர யார் இருந்தார்கள்? எங்கள் மண்ணில் வெறுங்கையோடு வந்தவர்கள் கீரை போட்டார்கள், கோயில் கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். இதைக் குழி என்று சொல்லி உங்கள் பெண் பூங்காவனத்தை எங்கள் மகன் தனராஜுக்குக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். பையன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் இலை முன் உட்காரக் கூசுகிறேன்.

முருகன் அருளால் உங்கள் வீட்டில் எல்லோரும் கறையின்றி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ரா. ஆறுமுகம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் தனராஜ் வந்து, கல்யாணம் நடந்தால் மேட்டில்தான் வீடு கட்டுவேன், மனையும் பார்த்துவிட்டேன் என்கிறான். "அவங்க கேட்டது நியாயந்தானேப்பா!" ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் பெண்ணை மட்டும் கொடுங்கள். அவன் சொன்னதும், காலையில் பெய்த மழையின் ஈரம் காயுமுன் ஒரு குடம் தண்ணீரோடு அந்த மனைக்கு ஏறினேன். அங்கே கவிழ்த்துவிட்டு அதன் பின்னாலேயே இறங்கினேன். தண்ணீர் நேராக எங்கள் அடுக்களைக் கொல்லையில் வந்து நின்றது. "மருமக பாத்திரம் கழுவுற தண்ணி இங்கதான் வருமா? வரட்டும், கீரைக்கு ஆகும்" என்றாள் என் மனைவி தெய்வானை. மேட்டுத் தண்ணீர் தாழ்வைத் தேடித்தான் வரும் என்பதை நம்பாவிட்டால் அடுத்த மழை விட்டதும் உங்கள் வாசலில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்து, அது போகிற வழியே நடந்து பாருங்கள்.