பத்தரை பஸ்ஸும் துட்டி சாரும்

உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்குத் துட்டி காத்த மனிதர் இந்த ராமநாதபுரம் ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அதுவும் ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. பந்து நன்றாக விளையாடுகிற பையன் எவனாவது டீசி வாங்கிக்கொண்டு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டால் போதும், எழவு வீட்டில் மாதிரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பூவரச மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். அன்றைக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அதனால் அவருக்குத் துட்டி சார் என்றே பெயர் ஆகிவிட்டது. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அவரே மறந்துபோன பெயரை நான் எதற்கு எழுத வேண்டும்.

மண்டபத்துக்கு மேற்கே கடலோரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் நான் சத்துணவு ஆயாவாக இருந்தேன். ஐந்தாவதோடு என் படிப்பு முடிந்தது. ஆம்பளைகள் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழக்கம் கிடையாது. ஆனால் சமையல்கட்டு ஜன்னல் மைதானத்தைப் பார்த்து இருந்ததால், அரிசி களைந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன்.

சாருக்கு ஊர் அபிராமம். கண்மாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காமல் வளர்ந்தவர். டிரில் மாஸ்டராக அவரைக் கொண்டுவந்து போட்டதோ கடல் ஓரத்தில். மைதானத்துக்கு மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் கடல். பந்து தண்ணீருக்குள் போய்விட்டால், அலை வந்து நனைக்காத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு பந்தைப் பார்த்து விசில் ஊதுவார். பந்து பாட்டுக்கு ஆடிக்கொண்டு போகும்.

“சார், கடலு விசிலுக்கு அடங்காது சார்” என்பான் ஒருவன்.

“ஏலே, நீங்களே அடங்கலை. அதை மட்டும் குறை சொல்லுங்க” என்பார்.

மீன் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு வாத்தியார், மீன் தின்னமாட்டார். கவிச்சி ஆகாதாம். இந்தக் கூத்தில், முட்டை போடுகிற நாளில் ஜன்னலில் வந்து நின்று, “யக்கா, கோல் அடிச்ச பயலுக்கு ரெண்டா வைங்க” என்பார். ஆளுக்கு ஒன்றுதான் கணக்கு. நான் வாயைத் திறக்காமல் ஒன்றைத்தான் வைப்பேன். “கல்லு மனசுக்கா ஒங்களுக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார். மறுநாளும் வருவார்.

அவர் முதல் துட்டி காத்த வாரம்தான் புது எச்.எம். டீச்சர் வந்து சேர்ந்திருந்தார். துட்டி வீட்டில் செய்கிற மாதிரியே பிள்ளைகள் வரிசையாகப் போய் சாரின் கையைத் தொட்டுவிட்டு, பேசாமல் விலகி நின்றார்கள். டீச்சர் பதறிப்போனார். தானும் போய்க் கையைத் தொட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“யாரு சார்?”

“சென்டர் பார்வர்டு டீச்சர். போயிட்டான்.”

“அய்யோ. எப்ப?”

“காலையில, பத்தரை பஸ்ஸுல.”

“பஸ்ஸுலயேவா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயா?”

“இல்ல டீச்சர், ராமநாதபுரத்துக்கு. ஹாஸ்டல்ல சேத்துக்கிட்டாக. பூட்ஸு குடுக்காகளாம். ஞாயித்துக்கெழமை கோழிக்கறியாம்.”

தொட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அந்தப் பையனின் அம்மா மீன் கூடையோடு வந்துவிட்டாள்.

“ஏன் சாரே, எம் புள்ள மூணு வேளையும் தின்னுக்கிட்டு நல்லாருக்கான். நீரு எதுக்கு எழவு காக்குறீரு?”

“அவன் நல்லாத்தாம்மா இருக்கான். எம் பதினோரு பேருல ஒருத்தன் போயிட்டானே, அதுக்குத்தான்.”

சண்டை போட வந்தவள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள்.

அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை. சோனல் மேட்சில் ஒரு தடவையாவது கப்பு வாங்க வேண்டும். கப்பு வைப்பதற்கென்று எச்.எம். ரூமில் கண்ணாடி பீரோ ஒன்றைச் சண்டை போட்டு வாங்கி வைத்திருந்தார். அதில் சாக்பீஸ் டப்பாவும் டீச்சரின் ஊறுகாய் பாட்டிலும் இருந்தன. ஒரு பையனைப் பழக்கித் தேற்றிக்கொண்டு வருவார், அவன் பத்தரை பஸ்ஸில் ஏறிவிடுவான். இன்னொருவனைத் தேற்றுவார், அவனும் ஏறிவிடுவான்.

ராமநாதபுரம் ஹாஸ்டலுக்குப் பிள்ளைகளைப் பார்த்து எடுத்துப்போக ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். பின்னால் ஒரு மூட்டை, மூட்டை நிறைய பூட்ஸ். பூட்ஸ்காரர் என்போம். ஒன்றும் பேசமாட்டார். நிழலில் உட்கார்ந்து ஒரு மேட்ச் பார்ப்பார், ஒருவனைக் கூப்பிட்டுக் கால் அளவு கேட்பார். அவ்வளவுதான். அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே சார் துண்டைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

பிரிட்டோ ஒன்பதாவது படித்த வருஷம் அது. ஒல்லிப் பையன். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். எனக்குப் பந்தாட்டம் தெரியாது. ஆனாலும் அவன் ஓடினால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பேன். அவன் அப்பா சொந்த வள்ளத்தில் கடல் தொழிலுக்குப் போகிறவர். அந்த வருஷம் தோளில் அடிபட்டு எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் பண்ண முடியாமல் இருந்தார். “பூட்ஸ்காரர் கூப்பிட்டா நீ போய்ப் படி. நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்கிறேன். கூப்பிடலைன்னா பள்ளிக்கூடம் போதும், வள்ளத்துக்கு வந்துரு” என்று மகனிடம் சொல்லியிருந்தார். இது அவர்கள் வீட்டுக்குள் இருந்த பேச்சு. அப்போது சாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முழுப் பரீட்சை நேரத்தில் மோட்டார் சைக்கிள் வந்தது. சத்தம் கேட்ட உடனே சார் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஆளை மாற்றினார். பிரிட்டோவைக் கொண்டுபோய் எதிர்ப்பக்கத்துக்குக் கோல் காக்க நிறுத்தினார். அவனுடைய இடத்தில் முனீஸை விட்டார். முனீஸ் விளையாடுகிறவனே இல்லை. எல்லாருக்கும் தண்ணீர் தூக்கிக்கொண்டு வருகிற பையன். பந்து இடது பக்கம் வந்தால் வலது காலைத் தூக்குவான்.

“பிரிட்டோ, இன்னைக்கு ஒரு பந்தையும் புடிக்கக்கூடாது. இது ஒரு பயிற்சி” என்று சார் சொன்னது என் ஜன்னல் வரைக்கும் கேட்டது.

பிரிட்டோ சொன்ன சொல் தட்டாதவன். பந்து வரும், நகர்ந்து வழி விடுவான். முனீஸ் உதைத்ததெல்லாம் கோல். தடுக்கி விழுந்தபோது முதுகில் பட்ட பந்துகூட கோல். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சார் மரத்தடியில் நின்று மூக்கைச் சொறிந்துகொண்டு, ஒன்றும் அறியாதவர் மாதிரி வானத்தைப் பார்த்தார்.

பூட்ஸ்காரர் எழுந்தார். நேராக முனீஸிடம் போய்க் கால் அளவு கேட்டார்.

அன்று மத்தியானம் சாரைப் பிடிக்க முடியவில்லை. துட்டி கிடையாது. தட்டை நீட்டி, “யக்கா, இன்னொரு கரண்டி சாம்பாரு. வர்ற வருஷம் கப்பு நமக்குத்தான்” என்றார். முதல் வாய் எடுத்து வைக்கும்போது பிரிட்டோ வந்து எதிரில் நின்றான்.

“பயிற்சின்னு சொன்னீங்களே சார்.”

சார் சிரித்தார். “அடுத்த வருஷம் பாத்துக்குவோம்லே. கப்பு வாங்கிட்டு ராசா மாதிரி போ.”

“அடுத்த வருஷம் நான் வள்ளத்துல இருப்பேன் சார்” என்றான். அப்பா சொன்னதையும் சொன்னான். கோபமே இல்லாமல், வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனான்.

சார் தட்டை அப்படியே வைத்தார். வெகு நேரம் கழித்து நான்தான் எடுத்துக் கழுவினேன்.

மறுநாள் முனீஸை இழுத்துக்கொண்டு பத்தரை பஸ்ஸில் ஏறினார். அங்கே நடந்ததை முனீஸ் வந்து சொன்னான்.

“இவனைத் திருப்பி எடுத்துக்கிறேன் தம்பி. இவனுக்குப் பந்தே வராது. கோல்ல நின்னான் பாருங்க, அவனைச் சேத்துக்கங்க” என்று பூட்ஸ்காரரிடம் சொன்னாராம் சார்.

“சார், நானே பாத்தேன். அந்தப் பய ஒத்தப் பந்தைத் தடுக்கலை.”

“நான் சொல்லித்தான் தடுக்கலை.”

“ஒவ்வொருத்தனுக்கும் துண்டைப் போட்டு உக்கார்ற ஆளு நீங்க. ஒருத்தனை நீங்களே கொண்டுவந்து விடுறேன்னா அவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதா? நல்ல பயலைத் திருப்பிக் கேக்குறீங்க.”

முனீஸும் தன் பங்குக்கு, “எனக்கு நெசமாவே வராது சார்” என்றிருக்கிறான். பூட்ஸ்காரர் அவன் தோளைத் தட்டி, “பாருங்க, எவ்வளவு அடக்கமான பையன்” என்று சொல்லிவிட்டாராம். ஹாஸ்டலில் இருந்த கடைசி இடமும் அத்தோடு முனீஸுக்கே போய்விட்டது. முனீஸ் அந்த ஹாஸ்டலில் ஒரு மேட்ச்கூட ஆடாமல் பன்னிரண்டாவது முடித்தான். இப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலையாக இருக்கிறான். நல்ல பையன். ஊருக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் போகமாட்டான்.

பள்ளிக்கூடம் லீவு விட்ட மறுநாள் நான் மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தேன். வள்ளங்கள் கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் நின்றன. பிரிட்டோவின் அப்பா வள்ளத்தில் வலையை அடுக்கிக்கொண்டிருந்தார். பிரிட்டோ எஞ்சின் பக்கத்தில் நின்றான். அன்றைக்குத்தான் அவனுக்கு முதல் நாள் தொழில்.

பின்னால் இருந்து சார் ஓடிவந்தார். செருப்பைக் கழற்றி என் காலடியில் போட்டுவிட்டு, பேண்ட் சட்டையோடு கடலில் இறங்கினார். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “சாரே, பந்து அங்கன இல்ல” என்று ஒருவர் கத்தினார். சார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு அலைக்கும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீர் வரைக்கும் போய் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். காற்று கரைப்பக்கம் அடித்ததால் பேச்செல்லாம் எனக்குக் கேட்டது.

“என்ன சாரே, இம்புட்டுத் தூரம்?” என்றார் பிரிட்டோவின் அப்பா.

“ஒரு வருஷம் குடுங்கய்யா. அடுத்த வருஷம் நானே கொண்டுபோய்ச் சேத்துடுறேன். அதுவரைக்கும் அவனுக்கு எல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

“எந் தோளு தூக்கலையே சாரே. அவன் தேறுவான்னு தெரிஞ்சா பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பேன். அவனுக்குத்தான் பந்து வரலைன்னு விட்டுட்டுப் போயிட்டாகளே.”

“வரும். அவனுக்கு மட்டுந்தான் வரும்.”

“பெறகு ஏன் விட்டுட்டுப் போனாக?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நடந்ததைப் பிரிட்டோ வீட்டில் சொல்லவே இல்லை. சாருக்கும் விளங்கியிருக்கும். வள்ளத்தைப் பிடித்த கையை விடாமல், “என்னாலதான்” என்றார். அவன் அப்பா அதற்குள் நங்கூரக் கயிற்றை அவிழ்க்க முன்பக்கம் திரும்பிவிட்டார். சொன்னது அவர் காதில் விழவில்லை. பிரிட்டோவின் காதில் விழுந்தது. அவன் குனிந்து, சாரின் விரல்களை ஒவ்வொன்றாக விளிம்பில் இருந்து எடுத்துவிட்டான்.

“கரைக்குப் போங்க சார். அலை வருது. ஒங்களுக்குத் தண்ணி ஆகாது.”

பிறகு எஞ்சினை இழுத்தான்.

வள்ளம் சின்னப் புள்ளியாகிற வரைக்கும் சார் தண்ணீரிலேயே நின்றார். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசியில் இரண்டு பேர் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் செருப்பை எடுத்துக் கொடுத்தேன். போட்டுக்கொள்ளாமல் கையில் வைத்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் துட்டி காக்கவில்லை. டீசி வாங்கின பையனின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார். பூட்ஸ்காரர் வராவிட்டால் இவரே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுனில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்குவார். சரியாக ஓடத் தெரியாத பிள்ளைகளுக்காகக்கூட, “போகப்போக வரும் சார், சோறு மட்டும் போடுங்க” என்று கெஞ்சுவாராம். பூட்ஸ்காரர் இவரைத் தூரத்தில் பார்த்தாலே வண்டியைத் திருப்புகிற நிலைமை வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து டீமில் பதினோரு பேர் சேர்வதே பாடாகிவிட்டது. சோனல் மேட்சில் கேட்பாரில்லாமல் தோற்றோம். பீரோவில் எச்.எம். டீச்சர் இரண்டாவது ஊறுகாய் பாட்டிலும் வைத்தார்.

பிரிட்டோவிடம் அடுத்த வருஷம் மறுபடியும் போய்க் கேட்டார். “இருக்கட்டும் சார்” என்றான் அவன். அப்பாவின் தோள் சரியாகவே இல்லை. இப்போது வள்ளம் அவன் பெயரில் ஓடுகிறது. கல்யாணமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மணலில் சின்னப் பிள்ளைகளோடு பந்து விளையாடுவான். நான் இன்னமும் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

சார் ரிட்டையர்டு ஆகி அபிராமத்துக்கே திரும்பிவிட்டார். அங்கே கடலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் காற்று பலமாக இருக்கும் என்று டீவியில் சொல்லிவிட்டால் எனக்குப் போன் வந்துவிடும். “யக்கா, அந்தப் பய கரைக்கு வந்துட்டானா?” வேறு ஒன்றும் கேட்கமாட்டார். நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்கமாட்டார். நான் சேலையைத் தலையில் போட்டுக்கொண்டு கரைக்குப் போவேன். வள்ளம் வந்து நிற்பதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் திருப்பிப் போன் போடுவேன்.

“வந்துட்டான் சார்” என்பேன். “சரிக்கா” என்று வைத்துவிடுவார். அவர் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பேன்.