நுரைச்சோலை ஷஹானாவுக்கு ஒரு யாசீன்

எங்கள் பக்கத்தில் ஓர் ஆண் அழ வேண்டுமென்றால் அதற்கு யாராவது போய்ச் சேர்ந்த ஜனாஸா வீடு இருக்கிறது. நான் ஐஸ் லொறிக்குள் இருந்து அழுதவன். அதுவும் ஒரு கதைப் புத்தகத்துக்காக. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் எடுத்தது.

அப்போது எனக்கும் ரிஸ்னாவுக்கும் கலியாணம் பேசி முடிந்திருந்தது. அவள் நுரைச்சோலையில் தமிழ் டீச்சர். நான் புத்தளத்திலிருந்து ஆலங்குடாக் கரைக்கு ஐஸ் ஏற்றுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு சலாம் சொன்னவன். நிக்காஹ் முடியும்வரை கதைத்துப் பழகுவது இரண்டு வீட்டிலும் வழக்கமில்லை. அதனால் அவள் தன் கூடப்பிறந்த நானாவிடம் ஒரு நாவலைக் கொடுத்தனுப்பினாள். உள்ளே ஒரு துண்டு: “வாசித்துவிட்டு, பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று எழுதி அனுப்புங்கள்.” (பெண் பார்த்தது நாங்கள். சோதனை வைத்தது அவள்.)

மடையன் ஒருவனுக்குத் தன்னைக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில், கரையில் தோணிகள் வரும்வரை லொறிக் கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். ஷஹானா, பத்தொன்பது வயது, இரண்டு கிட்னியும் பழுது. எதிர்வீட்டு நவாஸுக்கு அவள்மேல் உயிர். பத்தாம் அத்தியாயத்தில் சோதனை மறந்துபோனது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் டாக்டர் அவளுடைய தாயை வெளியே கூப்பிட்டுக் கதைக்கிறார். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து விம்மிவிட்டேன். பெரிய பட்டத்தைப் பிடித்துக் கடலில் சறுக்கி விளையாட வந்த ஒரு வெள்ளைக்காரர் கண்ணாடியைத் தட்டி, தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். (வேறென்ன செய்ய?)

கண் சிவந்து வீட்டுக்குப் போனால் வாசலில் உம்மா.

“என்ன மகன், ஆருக்கு என்ன?”

புத்தகம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வெட்கம் விட்டால்தானே. ஷஹானாவுக்கு சீரியஸ், ரெண்டு கிட்னியும் போயிட்டு என்றேன். எந்த ஷஹானா என்று கேட்டா. ஐஸ் எடுக்கிறவர் ஒருவருடைய மகள், நுரைச்சோலை என்றேன். முழு மாவட்டத்திலும் பொய்க்கு வேறு ஊர் கிடைக்கவில்லை எனக்கு. அந்த நாட்களில் வாயைத் திறந்தாலே அந்த ஊர்தான் வந்தது.

என் வாப்பாவும் கிட்னியில் போனவர். உம்மாவால் இதை ஊர்ச் செய்தியாகக் கேட்டுவிட்டு இருக்க முடியுமா? அன்று பின்னேரமே எங்கள் தெருப் பெண்கள் எல்லாரும் வந்திருந்து ஷஹானாவுக்காகக் குர்ஆனை விரித்து யாசீன் ஓதினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, நுரைச்சோலைச் சகோதரி ஷஹானாவின் சுகத்துக்காக மௌலவி துஆக் கேட்டார். ஆகச் சத்தமாக ஆமீன் சொன்னது நான்.

சனிக்கிழமை பகல் வீட்டுக்கு வந்தால் உம்மா இல்லை. பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தாவையும் ஒரு பை தோடம்பழத்தையும் கூட்டிக்கொண்டு நோய் விசாரிக்க பஸ் ஏறிவிட்டாவாம். வீடு தெரியாவிட்டால் சம்பந்தி வீட்டில் கேட்டுக்கொள்வதாகச் சொன்னாவாம்.

பாதி ஐஸோடு லொறியைத் திருப்பினேன்.

நான் ரிஸ்னா வீட்டில் போய் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. மேசையில் தோடம்பழம். ‘எங்கட மகன் அந்தப் பிள்ளைய நினைச்சு நினைச்சு அழுகுது’ என்று உம்மா சொல்லியாகிவிட்டது. ரிஸ்னாவின் வாப்பா ஊரெல்லாம் விசாரித்து, அப்படியொரு நோயாளியே இல்லை என்று தெரிந்துகொண்டு வந்திருந்தார். ரிஸ்னாவின் உம்மா, என் மாமி, எங்கள் நிச்சயச் சாரி இருக்கிற அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தா, எப்போது எடுத்துத் திருப்பித் தருவது என்பதுபோல.

“மகன், ஷஹானா ஆரு?” என்று மாமா மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அறைத் திரைக்குப் பின்னாலிருந்து ரிஸ்னாவின் குரல் வந்தது. “வாப்பா, அது நான் குடுத்த புத்தகத்தில வாற பிள்ளை.”

“புத்தகத்துப் பிள்ளைக்கா பள்ளிவாசல்ல துஆ?” மாமா நம்பவில்லை. மகள் எனக்காக மூடி மறைக்கிறாள் என்றே நினைத்தார்.

“அப்ப அவரே சொல்லட்டும். புத்தகத்தில பிடிச்சது என்ன?”

(எழுத்துச் சோதனை, சபையில் வாய்ச் சோதனையாகிவிட்டது.)

“நவாஸ் ஒரு நாள் வந்து, கதைக்க ஒண்டும் இல்லாம, தோடம்பழம் உரிச்சுக் குடுத்திட்டுப் போவான். அது.”

“பிடிக்காதது?”

அந்த இடத்தில் நான் யார் வீட்டில் நிற்கிறேன் என்பதே மறந்துபோனது.

“அந்தப் பிள்ளை ஒரு நாளாவது எரிஞ்சு விழயில்ல. எங்கட வாப்பா, உப்பு விளையிற ஊரில எனக்கு உப்பில்லாக் கஞ்சியா எண்டு கோப்பையத் தள்ளி விட்டவர். உம்மா துடைச்சுப்போட்டு மறுபடி கஞ்சி கொண்டு வருவா. புத்தகத்தில சத்தி வாந்தி எடுத்த பேசின் ஒண்டுகூட இல்ல, அதைக் கழுவின ஆளும் இல்ல. அந்தத் தாய்ட பேரே பன்னிரண்டாம் அத்தியாயத்திலதான் வருது. நவாஸ் நல்ல பேர் எடுக்கிறதுக்காகவே அந்தப் பிள்ளைக்கு நோய் வந்த மாதிரி இரிக்கி.”

வெளியே லொறியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தா.

மாமா திரைப் பக்கம் திரும்பினார். “டீச்சர், எத்தினை மார்க்ஸ்?”

“பாஸ்,” என்றது திரை.

மாமி அப்போதுதான் அலுமாரியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தா. உம்மாவுக்கு மட்டும் ஒன்று பாக்கி இருந்தது.

“அப்ப அந்தப் பிள்ளை பிழைச்சிதா?”

நான் கடைசி அத்தியாயம் வாசித்திருக்கவில்லை. திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“பிழைச்சிட்டா மாமி,” என்றாள் ரிஸ்னா உம்மாவிடம்.

“பின்ன? இத்தினை பேர் ஓதினது சும்மாவா?” என்று சொல்லி, உம்மா தோடம்பழப் பையை ரிஸ்னாவுக்கென்று வைத்துவிட்டு எழும்பினா.

அடுத்த நாள் ஆலங்குடாவில் அந்த அத்தியாயத்தை வாசித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே ஷஹானா மூச்சடங்கி மௌத்து. புத்தகத்தை மூடிவிட்டு, திரைக்குப் பின்னால் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆகப் பிடித்தது அதுதான். அது புத்தகத்தில் இல்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் வெங்காயம் வெட்டிக் கண் கலங்கினாலும் ‘ஆரு, நுரைச்சோலை ஷஹானாவா?’ என்பார்கள். உம்மாவோ நோயாளிகளைப் பார்க்கப் போகிற இடமெல்லாம், ‘புத்தகத்துப் பிள்ளைதான், எண்டாலும் நாங்க ஓதி எழும்பினவ’ என்று ஆறுதல் சொல்லிவிட்டு வருகிறா.

போன மாதம் எங்கள் மகள் அந்தப் புத்தகத்தை அலுமாரியிலிருந்து எடுத்து, ஒரே மூச்சில் முடித்துவிட்டு, கண் சிவந்து வெளியே வந்தாள். கதிரையில் இருந்த உம்மா, “என்ன, ஷஹானாவா?” என்று சிரித்தா. குசினி வாசலில் நானும் ரிஸ்னாவும் அப்படியே நின்றுவிட்டோம்.

மகள் எங்களைப் பார்த்தாள். பிறகு உம்மாவைப் பார்த்தாள்.

“ஓம் வாப்பும்மா. சுகமாகிட்டா. அதான் அழுகை வந்திட்டு.”