அட்வான்ஸ் அண்ணாச்சியின் காது

அக்டோபர் பதினேழு, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி ஐம்பது நிமிடம். வானம் மூட்டம், மழை இல்லை, உப்புப் புழுக்கம். தன் காது செவிடாகப் போவதற்கு இரண்டு வருடம் முன்னதாகவே ஏற்பாடு செய்துவைத்த உலகத்தின் ஒரே மனிதர், அந்த நிமிடத்தில்தான் அரசு ஆஸ்பத்திரியின் கண்ணாடி அறைக்குள் நுழைந்தார்.

எங்கள் தெருவில் அவருக்கு அட்வான்ஸ் அண்ணாச்சி என்று பெயர். ஆறரை மணி பஸ்ஸுக்கு நாலு மணிக்கே போய் நிற்பார். தன்னுடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அறுபது வயதிலேயே அடிக்கக் கொடுத்தார். "தேதி என்ன அண்ணாச்சி போட?" என்று அச்சுக்கடைக்காரன் கேட்டதற்கு, "அந்த இடத்த மட்டும் விட்டுட்டு அடிலே, பொறவு பேனாவுல எழுதிக்கிடலாம்" என்றார்.

துறைமுகத்தில் நான் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது வேலை. ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடம் ஆகிறது, எண்ணுவது நிற்கவில்லை. அண்ணாச்சி விஞ்ச் டிரைவர். கப்பல் மேல்தளத்தில் உட்கார்ந்து, சரக்கைத் தூக்கி இறக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவர். அந்த இரைச்சலில் யார் கத்தினாலும் கேட்காது. எதிரே ஒருவன் நின்று கையால் சைகை காட்டுவான். அந்தக் கையை மட்டுமே பார்த்து முப்பத்திரண்டு வருடம் ஓட்டினார். ஒப்பந்தக் கூலி, பென்ஷன் கிடையாது.

இரண்டு வருடம் முன்பு ஒருநாள் சாயங்காலம், டீக்கடையில் சொன்னார். "வே கிளார்க்கு, காது மங்கிக்கிட்டு வருது. முழுசா போன பொறவு ஆபீஸ் ஆபீஸா அலைய முடியுமா? இப்பமே பைல ரெடி பண்ணிருவோம்."

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைத்தால் அரசாங்கம் தரும் மாதப் பணத்துக்கு எழுதிப் போடலாம். அதை வைத்து அறை வாடகை கொடுத்துத் தெருவிலேயே இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் விளாத்திகுளத்தில் மகள் வீடுதான். "மருமவன் வீட்டுல சும்மா உக்காந்து சோறு திங்கதுக்கு, தொங்குத லோடுக்கு அடியில போய் நின்னுருவேன்" என்றார். வழக்கமாகக் கடைசியில் ஒரு சிரிப்பு வரும். அன்று வரவில்லை.

பைல் வளர்ந்தது. ஆதார் நகல் பதினான்கு. ரேஷன் கார்டு நகல் பதினான்கு. பென்சிலில் ஒத்திகை பார்த்த விண்ணப்பம் ஏழு. போட்டோவில் குறைபாடு தெரிய வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஸ்டுடியோக்காரர் நொந்துபோனார்.

"காது கேக்காதது போட்டாவுல எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"நீ என்னமாவது கேளு. நான் முழிக்கேன். அத எடு."

பன்னிரண்டு பிரதி. பன்னிரண்டிலும் முழித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி அறையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார்கள். பரிசோதிக்கும் பெண் இந்தப் பக்கம், கைகளை ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினாள். நான் பின்பெஞ்சில் இருந்து எண்ணினேன். முப்பத்தெட்டுத் தடவை. முப்பத்தெட்டுக்கும் விரல் உயர்ந்தது.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கேக்காத மாதிரி நடிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். இவருக்கு என்னைவிட நல்லாக் கேக்குது. சர்டிபிகேட் தர முடியாது."

வெளியே வந்த அண்ணாச்சிக்கு முகம் எல்லாம் பெருமை. "ஒண்ணு விடல, பாத்தீரா?"

"சத்தம் கேட்டுதா அண்ணாச்சி?"

"சத்தமா? பட்டன அமுக்கும்போது அந்தப் பிள்ளைக்கு வலது தோள் ஒரு நூல் எறங்குதுல்லா. கைய மறைச்சா ஆச்சா?"

"அதுக்கு நீரு ஏன் விரலத் தூக்கினீர்?"

"சிக்னல் வந்தா சும்மா இருக்க முடியுமாவே? கீழ ஆளு நிப்பான்லா!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தார். பைலை மடியில் பிரித்து, பன்னிரண்டு போட்டோவையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "அப்போ விளாத்திகுளம்தானா?" என்றார்.

நான் திரும்ப உள்ளே போய் டாக்டரிடம் விஞ்ச் வேலையை விளக்கினேன். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, மறுபரிசோதனைக்கு ஒரு தேதி எழுதிக் கொடுத்தார்.

நவம்பர் இருபத்தொன்று. விடாத மழை. இந்தத் தடவை என்னையும் உள்ளே உட்கார விட்டார்கள். கண்ணை மூடிக்கொள்ளும்படி அந்தப் பெண் சைகை காட்டினாள். அண்ணாச்சி மூடவில்லை. "லோடு தொங்கும்போது கண்ண மூடச் சொல்லுதாவளே" என்று என்னைப் பார்த்தார். வலது கை விஞ்ச் லிவரைப் பிடிப்பதுபோல் முன்னே நீண்டது. அந்தக் கையைப் பிடித்து முழங்கால்மேல் வைத்தேன். மூடினார்.

கண்ணாடிக்கு அப்பால் தோள் இறங்கியது. மறுபடி இறங்கியது. நாற்பத்தொரு தடவை எண்ணினேன். கடைசிச் சத்தங்கள் அவருடைய ஹெட்போனைத் தாண்டிப் பக்கத்தில் இருந்த எனக்கே கேட்டன. அவர் விரல் அசையவே இல்லை.

முடிந்ததும் அவர் தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்து கேட்டார்: "எப்பவே ஆரம்பிப்பாவ?"

இனிமேல் காதில் மெஷின் வைத்தாலும் பெரிய பயன் இல்லை என்று டாக்டர் சொன்னார். நான் அங்கேயே ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு வருடம், தினம் சாயங்காலம் முக்கால் மணி நேரம். என் நீர்க்கடுப்பு, பேங்க் வட்டி குறைந்தது, மகன் போன் எடுக்காதது எல்லாவற்றையும் இவரிடம்தான் கொட்டியிருக்கிறேன். சரியான இடம் பார்த்து "ஆமாவே" போடுவார். ஒரு சொல்கூட அவர் காதுக்குள் போயிருக்காது. என் முகத்தைப் பார்த்துப் பார்த்தே அத்தனையையும் கேட்டிருக்கிறார். காது நன்றாக இருக்கிற ஒருத்தரும் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

அட்டை வந்தது. எழுதிப் போட்ட மாதப் பணமும் வர ஆரம்பித்தது. விளாத்திகுளத்துக்குப் போகவில்லை, அதே அறை, அதே டீக்கடை. போன வாரம் என்னை மடக்கினார்.

"ஆட்டோ, செராக்ஸ், டீ... எனக்காவ எவ்வளவுவே செலவாச்சு? நீரு எழுதி வைக்காம இருக்க மாட்டீரே."

எழுதித்தான் வைத்திருந்தேன். கேட்டால் சொல்லாமல் இருக்கவும் எனக்கு வராது. அதனால் முகத்தை ரோட்டுப் பக்கம் நன்றாகத் திருப்பிக்கொண்டு, வாய்விட்டுச் சொன்னேன்: ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று ரூபாய்.