சாமி குடித்த காப்பி

தொண்டாமுத்தூர் தென்னந்தோப்பில் ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடமில்லை. உள்ளே வெங்கடபதி சாமி இருக்கிறார். வைரஸ் காய்ச்சல் வந்து கெட்டுப்போன வயிறுகளெல்லாம் அவரிடம்தான் வருகின்றன. பித்தளைக் குழலை வயிற்றில் வைத்து ஒரே உறிஞ்சு. யாரோ சோற்றில் வைத்து மயக்கிய மருந்து அவர் வாய்க்கு வந்துவிடும். தோலைக் கிழிக்காமல் எப்படி வரும் என்று கேட்கிறவர்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

சர்ச்சுக்குப் போயிருக்க வேண்டிய கிருபா, குற்றவாளியாக வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கணவன் யஷ்வந்துக்குக் காய்ச்சல் விட்டும் வயிறு வழிக்கு வரவில்லை. எதைத் தின்றாலும் உப்புசம், அப்புறம் கக்கூசுக்கு ஓட்டம். “வைரஸ் குடலைக் கலக்கிருச்சு, மெல்லத் தானா சரியாகும்” என்றார் டாக்டர். பொறுக்கச் சொல்லும் டாக்டரை யார் மதிக்கிறார்கள்?

மாமியார் அம்புஜம் வேறு காரணம் கண்டுபிடித்தாள். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் வீட்டுப் பையன், தோட்டத்துக் கூலிக்காரர் மகளைச் சும்மாவா காதலித்துக் கட்டினான்? கிருபா சோற்றில் மருந்து வைத்துத்தான் மயக்கியிருப்பாள்.

“மருந்து வந்துச்சுன்னா உங்க ஊட்டுக்குக் கெளம்பிரு கண்ணு” என்றாள். துரத்தும்போதும் கண்ணுதான். மரியாதைக்கு நம்ம ஊரில் குறைச்சலே கிடையாது.

யஷ்வந்த் வாயைத் திறக்கவில்லை. அதில்தான் கிருபாவுக்கு வயிறெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் டிபன் பாக்ஸை வழித்துத் தின்றவன்.

அவள் சாமியையே கவனித்தாள். ஒவ்வொரு ஆளுக்கும் மருந்து எடுக்கும் முன் ‘பூசை’க்கு உள்ளறைக்குப் போனார். போகும்போது ஓயாத பேச்சு. வரும்போது ஊமை, ஒரு பக்கக் கன்னம் லேசாக உப்பியிருக்கும்.

அவர்கள் முறை வந்தது. சாமி உள்ளே போய்த் திரும்பினார். கிருபா வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்க்கைத் திறந்து, டம்ளரில் காப்பி ஊற்றி நீட்டினாள்.

“ஏனுங்க சாமி, காலைல இருந்து உறிஞ்சறீங்க. ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டு எடுங்க.”

சாமி தலையை ஆட்டினார்.

“அம்மணி ஆசையா நீட்டுதுங்க, வாங்கிக்குங்க” என்றது கூட்டம்.

மறுபடியும் தலையாட்டல். அம்புஜத்துக்கு முகம் சுண்டிப்போனது.

“நான் போட்ட காப்பிங்க. சொட்டுத் தண்ணி கலக்காத பாலு. எங்க ஊட்டுக் காப்பின்னா எளப்பமுங்களா?”

இதற்கு மேல் மறுத்தால் இந்த ஊரில் தொழில் நடத்த முடியாது. சாமி ஒரு மடக்கு குடித்தார். சூடு நாக்கைச் சுட்டது, புரையேறியது. டம்ளருக்குள் பொத்தென்று விழுந்தது, முடி சுற்றிய ஒரு கறுப்பு உருண்டை. குழல் இன்னும் மேசைமேல்தான் கிடந்தது.

கிருபா டம்ளரை மாமியாரிடம் நீட்டினாள்.

“அத்தை, மருந்து வந்துருச்சுங்க. உங்க பையன் வயித்தை இன்னும் தொடவே இல்லைங்களே?”

அம்புஜம் டம்ளரைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள்.

பின்னாலிருந்து ஒருவர் பரிதாபப்பட்டார். “அடப் பாவமே, சாமிக்கே எவளோ மருந்து வெச்சுப்போட்டாளாட்ட இருக்குதுங்க.”

யஷ்வந்த் எழுந்தான். “ஊட்டுக்குப் போலாம் கிருபா.”

“வாரேனுங்க” என்றாள் அவள். “வயிறு தானா சரியாகும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. புத்திக்கு அப்படி எந்த டாக்டரும் சொல்லலை. அதை நீங்கதான் சரி பண்ணிக்கோணும்.”