பதினெட்டுப் படியும் ரயிலண்ணனும்

வெள்ளைக்காரத் துரையின் கார் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்க வேண்டும். அது தோட்டத்துச் சட்டம். மலாயாவின் கெடா மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அதற்கு மசியாத ஆள் ஒருவர்தான் கிடைத்திருப்பார். சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து ரயிலண்ணன்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் போடப் போய், இரண்டு காலையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். வந்ததும் ஒரு நாற்காலிக்குப் பழைய சைக்கிள் சக்கரங்களை மாட்டி, மணியும் வைத்துக்கொண்டார். ஆளில்லாத ரோட்டிலும் மணி அடிப்பார்.

"துரை வராரு, இறங்குய்யா!" என்று ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி ஒருநாள் கத்தினார்.

"இறங்கிடறேன் ஐயா. திரும்ப யாரு தூக்கி வைப்பா, துரையா?"

ஆபீசில் சின்னக் கிராணியாக இருந்த நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடுமாம், ஒரு பிடி சோறுகூட கேட்டைத் தாண்டக் கூடாது. ரயிலண்ணனுக்கோ வேலிக்கு வெளியே, ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் வேலை. பசி தாங்கமாட்டார். அவர் மனைவி அஞ்சலை அக்கா, பால் வாளிக்குள் சோற்றுப் பொட்டலத்தை ஒளித்து எடுத்துப்போய்க் கேட்டில் மாட்டிக்கொண்டார். போலீஸ்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

துரை ஒரு கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று பேச்சு. துரை இருந்ததோ மேட்டு பங்களாவில், பதினெட்டுப் படிக்கு மேலே. மனு கொடுப்பவன்தான் ஏறிப் போக வேண்டும், துரை இறங்கமாட்டார். ரயிலண்ணனைத் தூக்கிப்போக நாலு பேர் வந்தார்கள். நாலு பேர் சேர்ந்தால் கூட்டம், அது கூடாது. நாற்காலி வந்தால் தரைப்பலகை கீறும், அதுவும் கூடாது. பெரிய கிராணியின் இந்த உத்தரவுகளைப் படியில் நின்று சொன்ன வாய் என்னுடையது.

"சரிலா தம்பி, நானே வரேன்" என்றார்.

கையை ஊன்றிப் பின்புறமாக ஒவ்வொரு படியாக ஏறினார். நாற்காலியைக் கயிற்றில் கட்டி இழுத்தார். படிக்குப் படி 'தடால்', கூடவே மணிச் சத்தம். நான் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. மேலே போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மனுவை நீட்டினார். துரை, பார்க்கலாம் என்றார்.

பார்க்கவில்லை. ரயிலண்ணன் ஞாயிறு தவறாமல் ஏறினார். அந்தத் தடதடப்பில் துரைக்கு மத்தியானத் தூக்கம் போனது. மூன்றாம் மாதம் தச்சனைக் கூப்பிட்டு, பின்வாசலுக்குப் பலகையில் நீளமாக ஒரு சரிவு போடச் சொன்னார். தூக்கம் அவருக்கு அவ்வளவு முக்கியம்.

அடுத்த ஞாயிறு ரயிலண்ணன் மணியடித்துக்கொண்டே சரிவில் ஏறினார். அஞ்சலையைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பி இரண்டு வாரமாயிற்று என்றார் துரை. அதைத் தமிழில் சொன்னதும் நான்தான்.

"அங்க அவளுக்கு யாருமே இல்லையே, தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு அந்த மணிச் சத்தத்தை நான் கேட்கவில்லை.

இப்போது அந்த பங்களாவைச் சீட்டு வாங்கிப் பார்க்கலாம். முட்டி போனதிலிருந்து எனக்கும் சக்கர நாற்காலிதான். போன மாதம் மகன் தள்ளிக்கொண்டு போனான். முன்னால் அதே பதினெட்டுப் படி.

"பின்னால சரிவு இருக்குப்பா. உங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னே கட்டியிருக்காங்க."

பலகை இருந்த இடத்தில் சிமெண்ட். பாதி வழியில் அவனை நிறுத்தச் சொன்னேன்.

"ரயிலண்ணே, அன்னைக்கு ஒரு கை கொடுத்திருக்கணும். பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போனேன்.